ஷிப்ட் மாறிப் போனவர்கள்

திருப்பூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் நான் நர்ஸாக இருக்கிறேன். சிறுநீரகம் செயலிழந்தவர்களின் ரத்தத்தை மெஷின் வழியாக ஓடவிட்டுச் சுத்தம் செய்து திருப்பி ஏற்றும் இடம் அது. போன கோடையில் அதே பிரிவில், நான் எத்தனையோ முறை விரிப்பு மாற்றிய ஒரு கட்டிலில், நானே நோயாளியாகப் படுத்தேன். இப்போது தேறிவிட்டேன். தெம்பு இருக்கும்போதே எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. அடுத்தவர் நோயோடு நாளெல்லாம் நிற்கிறவர்கள் யாராவது படித்தால் போதும்.

மற்ற வார்டுகளில் நோயாளிகள் வருவார்கள், குணமாகி வீட்டுக்குப் போவார்கள். எங்களிடம் வருகிறவர்கள் அப்படிப் போவதில்லை. வாரத்துக்கு மூன்று முறை, வருடக்கணக்காக வருவார்கள். அவர்கள் வீட்டுக் கல்யாணமும் சண்டையும் எங்களுக்குத் தெரியும். எங்கள் பிள்ளைகளின் மார்க் அவர்களுக்குத் தெரியும். ஒருநாள் அவர்களில் ஒருவர் வரமாட்டார். அந்தக் கட்டிலுக்கு அன்றைக்கே வேறொருவர் வந்துவிடுவார்.

கௌசல்யா அப்படித்தான் வந்தாள். பக்கத்தில் நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு பனியன் கம்பெனியில், துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் டெய்லர். முதன்முறை வந்தபோது கல்லூரிப் பெண் போல இருந்தாள். டயாலிசிஸ் செய்கிறவர்களுக்குக் கையில் இரண்டு ரத்தக்குழாய்களை அறுவை சிகிச்சையில் இணைத்து வைப்பார்கள். பிஸ்டுலா என்போம். அந்த இடம் புடைத்து நிற்கும். அதில்தான் தடித்த ஊசிகளைக் குத்த வேண்டும். பஸ்ஸில் பார்க்கிறவர்கள் கேள்வி கேட்கிறார்கள் என்று அவள் வெட்டிப்போட்ட பனியன் துணியில் முழங்கை வரை ஒரு உறை தைத்துப் போட்டுக்கொண்டாள். அதைப் பார்த்து மற்றவர்களும் கேட்க, எல்லோருக்கும் தைத்துக் கொடுத்தாள். டயாலிசிஸ் இல்லாத நாட்களில் கம்பெனிக்குப் போய்த் தையல் மெஷினில் உட்காருவாள். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

அந்தக் கோடையில் எங்கள் பிரிவில் ஆள் குறைவு. நானும் சாந்தியும்தான் பெரும்பாலான ஷிப்டுகளை ஓட்டினோம். சாந்தி என்னைவிட வயதில் இளையவள், நான் வேலை கற்றுக்கொடுத்த பெண். மெஷின் ஓடும்போது எந்த நிமிடமும் யாருக்காவது பிரஷர் இறங்கலாம். அதனால் பாத்ரூம் போவதைத் தள்ளிப்போடுவோம். போகாமல் இருப்பதற்காகத் தண்ணீர் குடிக்காமல் இருப்போம். இன்னொரு காரணமும் உண்டு. குடிப்பது சிறுநீராக வெளியேறாததால், எங்கள் நோயாளிகளுக்கு ஒரு நாளைக்கு அனுமதிக்கிற தண்ணீர் மிகக் கொஞ்சம். நாக்கு வறண்டு ஐஸ்கட்டி கேட்கிறவர்கள் எதிரில் பாட்டிலை எடுத்து மடமடவென்று குடிக்க மனம் வராது. நின்று நின்று இடுப்பு வலித்தது. வலி மாத்திரை போட்டுக்கொண்டேன்.

அந்த மாதம் எங்கள் பிரிவில் இறப்புகளும் அடுத்தடுத்து வந்தன. ஒருவருக்கு மெஷினில் இருக்கும்போதே இதயம் நின்றது. நான்தான் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தேன். உயிர் திரும்பவில்லை. கை கழுவினேன். ஆயா விரிப்பை மாற்றினார். அடுத்த ஷிப்ட் ஆள் வெளியே காத்திருந்தார். மதியம் தயிர்சாதம் சாப்பிட்டேன். மாலை வீட்டுக்கு வந்து மகள் இனியாவின் யூனிபார்முக்கு இஸ்திரி போட்டேன். அழவில்லை. நமக்கு இதெல்லாம் பழகிவிட்டது என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

பிறகு ஒரு காலையில், மெஷினைத் தயார் செய்துகொண்டிருந்தபோது, பல் கிட்டிக்கொள்ளும் அளவுக்குக் குளிர் வந்தது. ஏசி அதிகமாக இருக்கிறது என்று சாந்தியிடம் சொன்னேன். அவள் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

"ஏசி இல்லீங்க்கா. ஒங்களுக்குத்தான் காயுது. ஊட்டுக்குப் போங்க."

"நான் போயிட்டா நீ ஒருத்தி எப்படிப் பாப்பே?"

காய்ச்சல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு அன்றும் நின்றேன், மறுநாளும் நின்றேன். அதற்கு அடுத்த நாள் வீட்டில் குக்கரை இறக்கப் போனவள் அப்படியே கீழே சரிந்தேன். என் கணவர் மணி முதலிபாளையத்தில் ஒரு கார்மென்ட்ஸில் கட்டிங் மாஸ்டர். அன்று அவர் வேலைக்குக் கிளம்பாமல் இருந்தது என் நல்ல நேரம்.

எங்கள் மருத்துவமனைக்கே கொண்டுவந்தார்கள். ரத்தம், சிறுநீர், ஸ்கேன் என்று எல்லாம் எடுத்தார்கள். ஸ்கேன் அறை வாசலில் ஸ்ட்ரெச்சரில் கிடந்தபோது, தெரிந்த முகங்கள் எல்லாம் குனிந்து பார்த்துச் சிரித்துவிட்டுப் போயின. அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கம். மோசமான ரிசல்ட் வந்த நோயாளியிடம் நாங்கள் சிரிப்பது அது.

சிறுநீர்ப் பாதையில் வந்த தொற்று மேலே ஏறிச் சிறுநீரகங்களைப் பிடித்து, கிருமி ரத்தத்தில் கலந்திருந்தது. அதைச் செப்சிஸ் என்பார்கள். உடம்பு முழுக்கப் பரவும், பிரஷர் இறங்கும், உறுப்புகள் ஒவ்வொன்றாகச் சோர்ந்துபோகும். தண்ணீர் இல்லாமலும் வலி மாத்திரையாலும் ஏற்கெனவே அடிபட்டிருந்த என் சிறுநீரகங்கள் நின்றேவிட்டன. ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறியிருந்தது. தசைகளிலிருந்து வரும் கழிவு அது. சிறுநீரகம் நன்றாக இருந்தால் வெளியேற்றிவிடும். ஏறியிருக்கிறது என்றால் வெளியேற்ற ஆள் இல்லை என்று பொருள்.

டாக்டர் வந்து கட்டில் ஓரம் நின்றார். "சிஸ்டர், நான் சொல்லணும்னு இல்ல. ஒங்களுக்கே எல்லாம் தெரியும்" என்றார்.

எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். தெரிந்தவளுக்கு யாரும் எதையும் சொல்வதில்லை. தெரிந்திருப்பதால் எனக்குப் பயம் இரண்டு மடங்காக இருந்தது என்பது அவர்களுக்குப் படவில்லை. மணிதான் எழுந்து நின்றார்.

"அவளுக்குத் தெரியுமுங்க டாக்டர். எனக்குத் தெரியாதுங்களே. மொதல்ல இருந்து எனக்குச் சொல்லுங்க."

டாக்டர் உட்கார்ந்தார். கை அசைத்து, நிதானமாக, ஒன்றும் அறியாத ஒருவருக்குச் சொல்வது போல அவருக்குச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு நானும் கேட்டேன். "திரும்பி வேலை செய்ய ஆரம்பிச்சுடும்னு நம்பலாம். சில வாரம் ஆகலாம். சிலருக்கு வராமலும் போயிடுது. அதுவரைக்கும் டயாலிசிஸ் பண்ணித்தான் ஆகணும்." இதே வார்த்தைகளை டாக்டருக்குப் பின்னால் நின்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். படுத்துக்கொண்டு கேட்டது அதுதான் முதல் முறை.

மணி பின்பு என்னிடம் சொன்னார்: "எனக்கு முக்காவாசி புரிஞ்சுதான் இருந்துச்சு. நீ கேக்கோணும்னுதான் கேட்டேன்."

கழுத்தில் குழாய் ஒன்று போட்டு, வீல்சேரில் என்னை எங்கள் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். சாந்தி கதவைத் திறந்தாள். மாஸ்குக்கு மேலே அவள் கண்கள் சிவந்திருந்தன. குழாயை மெஷினோடு இணைத்துவிட்டு, இணைப்பை இன்னொரு முறை சரிபார்த்தாள். என் ரத்தம் குழாயில் ஏறி ஓடுவதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். பக்கத்துக் கட்டிலில் கௌசல்யா.

"அக்கா, நீங்களும் எங்க ஷிப்டுக்கே வந்துட்டீங்களாக்கும்?" என்றாள்.

சிரிக்க முயன்றேன்.

"பயமா இருக்குதுங்களா?"

"இல்ல கண்ணு."

"பொய் சொல்லாதீங்க்கா. நீங்க பயப்படலீன்னா அப்ப நாங்க எல்லாம் லூசுங்களா?"

எதிர்க் கட்டிலில் இருந்த சுப்பிரமணி அண்ணன் சத்தமாகச் சிரித்தார். தாராபுரத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறவர் அவர். எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணில் நீரும் வந்தது.

"பயமாத்தான் இருக்குது" என்றேன்.

"ஆங், அப்படிச் சொல்லுங்க. சொன்னாப் பாதி கொறையும். அப்பறம் கெண்டக்கால் இழுத்தா ஒடனே கூப்பிடோணும். நர்சம்மாவுக்கு எதுக்குத் தொந்தரவுன்னு நான் மொத நாள் பல்லக் கடிச்சுட்டுக் கெடந்தேன். நீங்கதான் வந்து திட்டுனீங்க."

எனக்கு அது நினைவில்லை. கடைசி ஒரு மணி நேரத்தில் கெண்டைக்கால் இழுக்கத்தான் செய்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் கத்திவிட்டாள்: "சாந்தியக்கா! அக்காவுக்கு இழுக்குது, வந்து பாருங்க!" என் முகத்தை அவள் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

வார்டில் கிடந்த நாட்களில் பெரிய கஷ்டம் தாகம். இந்தப் பாட்டிலுக்கு மேல் ஒரு சொட்டு கூடாது என்று அளந்து வைத்தார்கள். மணி என் எதிரில் டீ குடிப்பதை விட்டுவிட்டார். தாகம் எடுத்தால் வெளியே போய்ப் படிக்கட்டில் நின்று குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வருவார். இனியா பள்ளிக்கூடம் விட்டு நேரே வருவாள். கழுத்துக் குழாயில் சீப்பு படாமல் தலை வாரிவிடுவாள். அவள் கை அத்தனை மென்மையாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. சாவகாசமாக என் தலையை அவளிடம் கொடுக்க எனக்கு ஒருநாளும் நேரம் இருந்ததில்லை. ஆஸ்பத்திரிச் செலவில் ஊழியர்களுக்கென்று கொஞ்சம் குறைத்துக்கொண்டார்கள். மிச்சத்தை மணி எங்கே புரட்டினார் என்று என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சிறுநீர் வருகிறதா என்று பார்ப்பதே எங்கள் வேலையாக இருந்தது. பையில் ஒன்றும் சேரவில்லை. கண்ணை மூடினால் எங்கள் பிரிவின் கட்டில்கள் வரும். எந்தக் கட்டிலில் யார் இருந்தார், யாருக்கு என்ன ஆயிற்று என்று வரிசையாக முகங்கள் வரும். அத்தனை பேரையும் நான் எங்கோ வைத்திருந்திருக்கிறேன். பழகிவிட்டது என்று நினைத்தேனே, எதுவும் பழகியிருக்கவில்லை.

அடுத்த வாரம் டயாலிசிஸுக்குக் கொண்டுபோனபோது பக்கத்துக் கட்டிலில் வேறு ஒரு அம்மாள் படுத்திருந்தார்.

"கௌசல்யா வரலையா?" என்று கேட்டேன்.

சாந்தி மெஷின் பொத்தான்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அவளுங்களா? ஷிப்ட் மாத்திக்கிட்டாளுங்க்கா. கம்பெனில ஏதோ அர்ஜென்ட் ஆர்டராம்."

எங்கள் பிரிவில் யாராவது இறந்துவிட்டால் மற்ற நோயாளிகளிடம் நாங்கள் சொல்வது அதுதான். ஷிப்ட் மாறிவிட்டார். கோயமுத்தூரில் பார்க்கிறார்களாம். மகன் வீட்டுக்குப் போய்விட்டார். உண்மையைச் சொன்னால் மெஷினில் கிடக்கிறவர்கள் கலங்கிவிடுவார்கள், பிரஷர் ஏறிவிடும் என்பதற்காகச் சொல்வது. எனக்கு மூத்த சிஸ்டர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார், நான் சாந்திக்குச் சொல்லிக்கொடுத்தேன். சாதாரணமாக, வேறு வேலை பார்த்துக்கொண்டே சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்துத்தான்.

"சாந்தி, என்னைப் பாரு" என்றேன்.

அவள் பார்க்கவில்லை. பொத்தானில் வைத்த விரலை எடுக்காமல் அப்படியே நின்றாள். பிறகு என் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள்.

வாரக் கடைசியில் இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் இடைவெளி நீளும்போது ரத்தத்தில் பொட்டாசியம் என்ற உப்பு ஏறிவிடும். ஒரு அளவுக்கு மேல் போனால் இதயம் நின்றுவிடும். முன்கூட்டித் தெரியாது. கௌசல்யா திங்கட்கிழமை விடியலில் அம்மாவை எழுப்பி, கை கால் மரத்துப் போகிறது என்றிருக்கிறாள். ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். கேசுவாலிட்டியிலிருந்து கூப்பிட, சாந்திதான் ஓடினாள். எவ்வளவோ பார்த்தார்கள். முடியவில்லை. அதற்குப் பிறகு சாந்தி மேலே வந்து காலை ஷிப்டை ஓட்டியிருக்கிறாள். எல்லோருக்கும் ஊசி போட்டிருக்கிறாள். கொஞ்சம் உட்காரு என்று அவளிடம் சொல்ல யாரும் இல்லை.

இதையெல்லாம் சொல்லிவிட்டுச் சாந்தி அழுதாள். நானும் அழுதேன். கழுத்தில் குழாய் இருந்ததால் தலையைத் திருப்ப முடியவில்லை. கண்ணீர் காதுக்குள் இறங்கியது. கௌசல்யாவுக்காக அழ ஆரம்பித்தேன். நெஞ்சை அழுத்தியும் உயிர் திரும்பாத அந்த மனிதர் நினைவுக்கு வந்தார். அவருக்கு முன்னால் போனவர்கள் வந்தார்கள். யாருக்காக அழுகிறேன் என்றே தெரியாமல் போயிற்று. மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. நோயாளிகள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எதிரில் நாங்கள் ஒருநாளும் அழுததில்லை.

சுப்பிரமணி அண்ணன்தான் முதலில் பேசினார்.

"சாந்தி கண்ணு, எந்திரிச்சு அந்தச் சேர்ல உக்காரு. எங்களுக்கு அன்னிக்கே தெரியும் சாமி."

சாந்தி நிமிர்ந்தாள். "எப்படிங்கண்ணா?"

"எப்பவுமே தெரியுமுங்க. ஒருத்தர் வரலீன்னா அவுங்க ஊட்டுக்குப் போன் போட மாட்டமா? ஆனா நீங்க ஷிப்ட் மாறிட்டாங்கன்னு சொல்றப்ப, நாங்களும் சரிங்கன்னு கேட்டுக்குவோம்."

"ஏனுங்கண்ணா?" என்றேன் நான்.

"அப்படிச் சொன்னாத்தான் ஒங்களால அடுத்த ஆளுக்கு ஊசி போட முடியுதாட்ட இருக்குதுன்னு நெனச்சுக்குவோமுங்க. நீங்களும் பாவம்தானுங்களே."

அன்று ஆயா எல்லோருக்கும் ஆளுக்கொரு ஐஸ்கட்டி கொண்டுவந்து கொடுத்தார். எனக்கும் சாந்திக்கும் கொடுத்தார். யாரும் கௌசல்யாவைப் பற்றி அதிகம் பேசவில்லை. ஆனால் அவள் இறந்துபோனாள் என்பது எங்கள் எல்லோருக்கும் நடுவில் வெளிப்படையாக இருந்தது. அதில் எனக்கு ஏனோ ஒரு ஆறுதல் கிடைத்தது.

சில நாட்கள் கழித்துப் பையில் சிறுநீர் சேரத் தொடங்கியது. முதலில் கால் டம்ளர் அளவு. மணி நம்பாமல் பையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு வராந்தாவுக்குப் போய்விட்டார். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார். கிரியாட்டினின் மெல்ல இறங்கியது. கழுத்துக் குழாயை எடுத்தார்கள். மகிழ்ச்சியாக இருந்திருக்க வேண்டும், இருந்தேன். ஆனால் கௌசல்யாவுக்கு இருபத்தேழு வயது, எனக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது என்ற எண்ணம் அந்த மகிழ்ச்சியோடு ஒட்டிக்கொண்டே வந்தது. இன்றும் விடவில்லை. சிறுநீரகம் முழுதாகத் திரும்பவில்லை என்றும், இனி வாழ்நாள் முழுக்கப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்றும், வலி மாத்திரை பக்கமே போகக் கூடாது என்றும் டாக்டர் சொன்னார். இந்த முறை என்னிடமே சொன்னார்.

மழைக்காலத்தில் வேலைக்குத் திரும்பினேன். இப்போது எங்கள் பிரிவில் யாராவது இறந்தால் மற்றவர்களிடம் சொல்லிவிடுகிறோம். யாருக்கும் பிரஷர் ஏறிவிடவில்லை. இறந்தவரோடு கூட இருந்த நர்ஸை அன்றைக்கு மெஷினிலிருந்து விடுவித்துவிட வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டேன். ஆள் எங்கே இருக்கிறது என்றார். ஷிப்ட் அட்டவணையை எடுத்துப் பார்த்துவிட்டு, பார்க்கலாம் என்றார். ஒவ்வொரு முறையும் நடப்பதில்லை, ஆனால் நடக்கிறது. மாதம் ஒருமுறை ஒரு மனநல ஆலோசகர் வந்து எங்களோடு உட்காருகிறார். முதல் முறை யாரும் வாயைத் திறக்கவில்லை, டீ குடித்துவிட்டுக் கலைந்தோம். அடுத்த முறை பேச ஆரம்பித்தது ஆயா. இறந்தவர் படுத்திருந்த விரிப்பை உருவும்போது அதில் சூடு இருக்கும், அதை ஒருவரிடமும் சொன்னதில்லை என்றார். அதற்கப்புறம் பேச்சு நிற்கவில்லை. தண்ணீர் குடிக்கிறேன். நோயாளிகளே அதட்டுகிறார்கள்: "சிஸ்டர், எங்களப் பாத்துட்டு நிக்காதீங்க, குடிங்க."

சாந்தியால் இந்த வேலையில் தொடர முடியவில்லை. "யாரு கையப் பிடிச்சாலும் கௌசல்யா கையாட்டத்தான் இருக்குதுங்க்கா" என்றாள். முதலிபாளையத்தில் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியின் முதலுதவி அறையில் வேலை தேடிக்கொண்டாள். விரலில் ஊசி ஏறியவர்கள், வயிற்று வலிக்காரர்கள் வருவார்கள், மருந்து வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். நான் தடுக்கவில்லை. இருப்பதுதான் தைரியம், போவது கோழைத்தனம் என்று எனக்குத் தோன்றவில்லை.

அவள் புது வேலையில் சேர்வதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, இருவரும் நெருப்பெரிச்சலில் கௌசல்யா வீட்டுக்குப் போனோம். பல வாரங்களாகத் தள்ளிப்போட்டு வந்தது. என்ன சொல்வது என்று தெரியாததால் தள்ளிப்போட்டது. கௌசல்யாவின் அம்மா வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க கண்ணு, உள்ள வாங்க" என்றார். எனக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பிறகு எங்கள் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"ஒன்னு கேக்கட்டுங்களா?" என்றார். "உள்ளார எங்கள விட மாட்டீங்க. கிருமி வந்துருமுன்னு சொல்லுவீங்க. நாலு வருசமா நான் வெளிய சேர்லயே உக்காந்திருந்தேன். என்ற புள்ள உள்ள என்ன பண்ணிட்டு இருந்தாள்னு எனக்குத் தெரியவே தெரியாது. கேட்டா, தூங்கிட்டேன்மான்னு சொல்லுவா. அழுவாளுங்களா?"

சாந்தி என்னைப் பார்த்தாள்.

"அழுதிருக்காங்கம்மா" என்றேன். "மொத மாசம் ஊசி குத்தறப்ப அழுவா. அப்பறம் அழலை. குத்தறப்ப மட்டும் அந்தப் பக்கம் திரும்பிக்குவா."

அவர் தலையை ஆட்டினார். அது போதாதது போல என்னையே பார்த்தார்.

"தூங்கவே மாட்டாங்கம்மா" என்றாள் சாந்தி. "பேச்சுத்தான். கம்பெனி சூப்பர்வைசர் மாதிரி பேசிக் காட்டுவா. தெச்ச பீஸ் வரல, பீஸ் வரலன்னு அவ கத்தறதக் கேட்டு டாக்டரே ஒரு தடவ எட்டிப் பாத்தாருங்க."

அம்மாவின் முகம் மாறியது. "ஊட்லயும் அப்படித்தான் கத்துவா" என்றார்.

ஃபேன் யார் பக்கம் திரும்ப வேண்டும் என்று சுப்பிரமணி அண்ணனோடு அவள் போட்ட சண்டையைச் சொன்னேன். எனக்குக் கால் இழுத்தபோது அவள் கத்தியதைச் சொன்னேன். சாந்தி கொஞ்சம் தயங்கிவிட்டு, அயர்னிங் செக்‌ஷனில் இருந்த ஒரு பையனைப் பற்றிக் கௌசல்யா எங்களிடம் மட்டும் சொன்னதைச் சொன்னாள்.

"அடிப்பாவி!" அம்மா வாயில் கை வைத்துக்கொண்டார். சிரித்தார், உடனே கண்ணைத் துடைத்தார். "என்றகிட்டச் சொல்லவே இல்ல பாருங்க. யாருங்க அந்தப் பையன்? நல்ல பையனுங்களா?"

"நல்ல பையன்னுதான் சொன்னா."

வெளியே இருட்டத் தொடங்கியது. நாங்கள் கிளம்பப் பார்த்ததும் அவர் எழுந்து விளக்கைப் போட்டுவிட்டு, முன்னைவிடக் கிட்டே வந்து உட்கார்ந்துகொண்டார்.

"அப்பறம் கண்ணு?" என்றார்.

நானும் சாந்தியும் மறுபடி உட்கார்ந்தோம். சொல்ல எங்களிடம் இன்னும் நிறைய இருந்தது.